‘தி ரிட்டர்ன் ஆஃப் தி கிங்’ முடிவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ படங்களின் மூன்றாவது, கடைசிப் பாகமான ‘தி ரிட்டர்ன் ஆஃப் தி கிங்’ 2003 டிசம்பரில் வெளியானது. இன்றும் அதை முதன்முறையாகப் பார்த்துவிட்டு வருபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் அதே சில சந்தேகங்களைத்தான். யார் யாரோ கேட்டதை, கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

படத்தின் கடைசிக் காட்சி வரை எல்லாமே இதில் பேசப்படுகிறது. இன்னும் பார்க்காதவர்கள் முதல் மூன்று கேள்விகளோடு நிறுத்திக்கொண்டு, பார்த்த பிறகு மீதியைப் படியுங்கள்.

மூணாவது பாகத்தை மட்டும் நேரா பார்த்தா புரியுமா?

சண்டைகள் புரியும். கதை புரியாது. டோல்கீன் இதை ஒரே நாவலாகத்தான் எழுதினார். போருக்குப் பிந்தைய பிரிட்டனில் தாள் விலையும் அச்சுச் செலவும் அதிகமாக இருந்ததால், பதிப்பாளர்கள் 1954, 1955 ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார்கள். படமும் அப்படித்தான், ஒரே கதையின் மூன்று துண்டுகள். முதல் படத்தில் நடக்கும் ஒரு சின்ன உரையாடலும் இரண்டாவது படத்தில் ஒருவன் செய்யும் சத்தியமும் மூன்றாவது படத்தின் க்ளைமாக்ஸையே தீர்மானிக்கின்றன.

முன்பே பார்த்து மறந்துபோனவர்களுக்கு மட்டும் சுருக்கமாக: தீய சக்தியான சௌரானின் மோதிரத்தை, அது வார்க்கப்பட்ட மோர்டோர் எரிமலையிலேயே போட்டு அழிக்க வேண்டும். அதைச் சுமந்து போகிறவன் ஃப்ரோடோ, ஹாபிட் என்ற குள்ள இனத்தைச் சேர்ந்தவன். உடன் போகிறவன் அவனுடைய தோட்டக்காரன் சாம். வழிகாட்டி, ஐந்நூறு ஆண்டுகள் அந்த மோதிரத்தை வைத்திருந்து உருக்குலைந்துபோன கோல்லம். மறுபக்கம் மந்திரவாதி காண்டால்ஃபும், கோண்டோர் நாட்டு அரியணைக்கு உரிமையுள்ள அரகார்னும், மற்றவர்களும் சௌரானின் படைகளைத் தடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மூணு படத்தையும் ஒரே நேரத்துல எடுத்தாங்கன்னு சொல்றாங்களே, நிஜமாவா?

நிஜம்தான். இயக்குநர் பீட்டர் ஜாக்சன் 1999 அக்டோபர் 11 அன்று நியூசிலாந்தில் படப்பிடிப்பைத் தொடங்கி, 2000 டிசம்பர் 22 அன்று மூன்று படங்களின் பிரதான படப்பிடிப்பையும் முடித்தார். பிறகு ஒவ்வொரு படத்தின் எடிட்டிங்கின் போதும் நடிகர்களைத் திரும்ப வரவழைத்துக் கூடுதல் காட்சிகள் எடுத்தார்கள்.

இதில் நடிகர்கள் பட்ட பாடு பலருக்குத் தெரிவதில்லை. மோர்டோர் எல்லையில் செங்குத்தான படிக்கட்டில் ஃப்ரோடோவும் சாமும் வாக்குவாதம் செய்யும் காட்சி இருக்கிறதே, அதற்காக வெள்ளத்தில் வெளிப்புறப் படப்பிடிப்பு நின்றுபோன ஒரு நாளில் அவசரமாக உள்ளரங்கில் செட் போட்டார்கள். அன்று சாமின் பக்கம் மட்டும்தான் எடுக்க முடிந்தது. அதற்குப் பதில் சொல்லும் ஃப்ரோடோவின் பக்கத்தை எடுத்தது ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து. திரையில் அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசிக்கொள்கிறார்கள். இடையில் ஓராண்டு இருப்பது எங்கேயும் தெரியாது. எலைஜா வுட்டும் ஷான் ஆஸ்டினும் அந்தக் கதாபாத்திரங்களை அவ்வளவு இறுக்கமாகப் பிடித்து வைத்திருந்தார்கள்.

11 ஆஸ்கர் வாங்குச்சாமே. அப்படி எல்லாத்துலயும் ஜெயிச்ச படத்துக்கு நடிப்புக்கு ஒண்ணு கூடவா இல்ல?

2004 பிப்ரவரி 29 அன்று நடந்த விழாவில் 11 பிரிவுகளில் பரிந்துரை பெற்று, பதினொன்றையும் வென்றது. எண்ணிக்கையில் ‘பென்-ஹர்’, ‘டைட்டானிக்’ படங்களுக்குச் சமம். ஆனால் அவை இரண்டும் பரிந்துரை பெற்ற எல்லாப் பிரிவுகளிலும் வெல்லவில்லை. சிறந்த படத்துக்கான விருதை ஒரு ஃபேன்டசி படம் வென்றதும் அதுவே முதல் முறை.

நடிப்புக்கு ஒரு பரிந்துரைகூட இல்லை என்பது உண்மை. மூன்று பாகங்களிலும் சேர்த்து நடிப்புக்காகப் பரிந்துரைக்கப்பட்டவர் முதல் பாகத்துக்காக இயன் மெக்கெல்லன் மட்டும்தான். மூன்றாவது பாகத்தில் ஷான் ஆஸ்டினைப் பரிந்துரைக்காதது பெரிய அநியாயம் என்பது என் கருத்து. ஆனால் அமெரிக்க நடிகர் சங்கமான ஸ்க்ரீன் ஆக்டர்ஸ் கில்டு, அந்த ஆண்டின் சிறந்த நடிகர் குழுவுக்கான விருதை இந்தப் படத்துக்குத்தான் கொடுத்தது. தனி ஆளைவிடக் குழுவாக நின்று நடித்த படம் என்பதால் அந்த விருது பொருத்தமாகவே இருந்தது.

தியேட்டர்ல வந்ததைப் பார்க்கவா, நீளமான பதிப்பைப் பார்க்கவா?

முதல் முறை என்றால் தியேட்டர் பதிப்பு. அது 201 நிமிடம். எக்ஸ்டெண்டட் பதிப்பு 251 நிமிடம். கூடுதலாக இருக்கும் ஐம்பது நிமிடத்தில் சில காட்சிகள் அவசியமானவை. மந்திரவாதி சாருமான் என்ன ஆனான் என்பதே தியேட்டர் பதிப்பில் இல்லை. முந்தைய படத்தின் முக்கிய வில்லனை ஒரே வசனத்தில் கடந்துவிடுகிறது. அதில் நடித்த கிறிஸ்டோபர் லீ மனம் வருந்தியதில் வியப்பில்லை. காயமுற்ற எயோவினும் (ரோஹன் நாட்டு அரசரின் தங்கை மகள்) ஃபாராமிரும் (கோண்டோர் ஆட்சிப் பொறுப்பாளரின் மகன்) சந்தித்துக்கொள்ளும் காட்சியும் நீளமான பதிப்பில்தான் உண்டு. அதைப் பார்க்காதவர்களுக்கு, முடிசூட்டு விழாவில் அவர்கள் இருவரும் அருகருகே நிற்பது ஏன் என்றே தெரியாது.

ஆனால் நீளமான பதிப்பு சிலவற்றைக் கெடுக்கவும் செய்கிறது. அரச வம்சத்துக்குக் கொடுத்த வாக்கை மீறிச் சாபம் பெற்ற, இறந்தவர்களின் படை அரகார்னோடு வரச் சம்மதித்ததா இல்லையா என்று தியேட்டர் பதிப்பு சொல்லாமல் நிறுத்துகிறது. எதிரியின் கப்பலிலிருந்து அரகார்ன் குதிக்கும்போதுதான் நமக்கு விடை கிடைக்கும். நீளமான பதிப்பு அதை முன்கூட்டியே காட்டிவிடுகிறது. கடைசிப் போருக்கு முன், பேச வந்த சௌரானின் தூதனின் தலையை அரகார்ன் வெட்டுவதும் அதில்தான். தூதனைக் கொல்வது அரகார்ன் செய்கிற காரியம் இல்லை. அந்த ஒரு காட்சிக்காகவே நான் தியேட்டர் பதிப்பின் பக்கம் நிற்கிறேன்.

இவ்வளவு பெரிய படத்தை ஒரு மீன் பிடிக்கிற சீன்ல எதுக்கு ஆரம்பிக்கணும்?

முதல் ஷாட்டை மறுபடி பாருங்கள். இரண்டு விரல்களுக்கு நடுவே நெளியும் ஒரு புழு. அந்த விரல்கள் அதைத் தூண்டிலில் கோக்கின்றன. விரல்களுக்குச் சொந்தக்காரன் ஸ்மியகோல், பின்னாளில் கோல்லம் ஆகப்போகிறவன். அவ்வளவு காலம் கம்ப்யூட்டர் உருவத்துக்குப் பின்னால் இருந்த ஆண்டி செர்கிஸின் சொந்த முகத்தை அங்கேதான் பார்க்கிறோம். நண்பன் ஆற்றின் அடியிலிருந்து மோதிரத்தை எடுத்துக்கொண்டு கரையேறுகிறான். சில நிமிடங்களில் அதற்காக அவன் கழுத்தை ஸ்மியகோல் நெரித்துக் கொல்கிறான்.

நிம்மதியாக மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒருவன். ஃப்ரோடோவும் அப்படி ஒருவன்தான். மோதிரம் அவனை என்ன செய்யும் என்பதை வாயால் சொல்லாமல் முகத்தைக் காட்டியே சொல்லிவிட்டுத்தான் படம் தொடங்குகிறது. மூன்று மணி நேரம் கழித்து எரிமலைக்குள் மோதிரத்துக்காக இரண்டு பேர் கட்டிப் புரள்வார்கள். அங்கே மறுபடி இந்த ஆற்றங்கரையைத்தான் பார்க்கிறோம்.

கழுகுங்க கடைசியில வந்து தூக்கிட்டுப் போகுதே, முதல்லயே அதுங்க மேல ஏறிப் போயிருந்தா மூணு படமும் தேவையே இல்லையே?

இதைக் கேட்காதவர்கள் இல்லை. கடைசியில் கழுகுகள் மலைக்குப் பறந்து வரும்போது சௌரான் அழிந்துவிட்டான், அவனுடைய கண் அணைந்துவிட்டது, பறக்கும் மிருகங்களில் வந்த நாஸ்கூல்களும் (சௌரானின் அடிமைகளான கறுப்பு வீரர்கள்) ஒழிந்துவிட்டார்கள். தடுக்க ஆள் இல்லாத வானத்தில்தான் அவை வருகின்றன. அதற்கு முன் அதே வானம் முழுக்கச் சௌரானின் பார்வையில் இருந்தது. யாரும் மோதிரத்தை அழிக்கத் துணிவார்கள் என்று சௌரானுக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் இந்தத் திட்டத்தின் ஒரே பலம். பெரும் கழுகுகள் அவன் எரிமலையை நோக்கிப் பறந்தால் அந்த நொடியே அவனுக்கு எல்லாம் புரிந்துவிடும். அதனால்தான் கண்ணில் படாத இரண்டு சின்ன உருவங்கள் நடந்து போகின்றன.

கழுகுகள் யாருடைய வாகனமும் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் படம் இதை ஒரு வரியிலாவது சொல்லியிருக்கலாம். சொல்லாததால்தான் இந்தக் கேள்வி ஓயாமல் வருகிறது.

அந்த டெனத்தோர் சாப்பிடுறதை எதுக்கு அவ்வளவு கிட்டத்துல காட்டணும்? பார்க்கவே பிடிக்கல.

பிடிக்கக் கூடாது என்றுதான் எடுத்திருக்கிறார்கள். கோண்டோரின் ஆட்சிப் பொறுப்பாளர் டெனத்தோர், செத்துப்போன மூத்த மகனையே நினைத்துக்கொண்டு, இளைய மகன் ஃபாராமிரைத் திரும்பி வர முடியாத தாக்குதலுக்கு அனுப்புகிறார். அனுப்பிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்து, தன்னிடம் சேவகம் செய்யும் ஹாபிட் பிப்பினைப் பாடச் சொல்கிறார். சின்னத் தக்காளி ஒன்று பல்லுக்கிடையில் நசுங்கி, சிவப்புச் சாறு உதட்டோரம் வழிந்து தாடைக்கு இறங்குகிறது. அந்தப் பக்கம் குதிரைகள் அம்புகளை நோக்கி ஓடுகின்றன. ரத்தத்தைக் காட்ட வேண்டிய இடத்தில் ரத்தமே இல்லை. இந்தச் சாறுதான் இருக்கிறது.

பிப்பின் பாடும் மெட்டு, அந்த வேடத்தில் நடித்த பில்லி பாய்ட் தானே அமைத்தது. வரிகள் டோல்கீனுடையவை, நாவலில் ஹாபிட்டுகள் நடந்து போகும்போது பாடும் பாட்டிலிருந்து எடுத்தவை. வீட்டை விட்டுக் கிளம்புகிறவர்களின் பாட்டு, சாகப் போகிறவர்களின் மேல் ஒலிக்கிறது. மூன்று பாகங்களிலும் எடிட்டிங் உச்சம் தொட்ட இடம் என்று நான் நினைப்பது இதைத்தான், எந்தப் பெரிய போர்க்காட்சியையும் அல்ல.

பேய்ப்படை வந்து ரெண்டு நிமிஷத்துல எல்லாரையும் முடிச்சுடுது. அப்ப அதுவரைக்கும் சண்டை போட்டுச் செத்தவங்க எல்லாம் வீணாப் போனவங்களா?

நியாயமான குறை. படத்தின் பலவீனமான இடம் எது என்று கேட்டால் தயங்காமல் இதைச் சொல்வேன். ரோஹன் நாட்டுக் குதிரைவீரர்கள் விடியற்காலையில் பெலன்னோர் சமவெளியில் பாய்வதும் அவர்களுடைய அரசர் தியோடன் உயிர்விடுவதும் மனத்தைப் பிசைகின்றன. அதன்பின் வரும் பச்சை நிறப் பேய்களை யாராலும் காயப்படுத்தவே முடியாது. இழப்பே இல்லாத படைக்கு வீரமும் தேவைப்படாது.

நாவலில் இறந்தவர்கள் இந்தப் போர்க்களத்துக்கு வருவதே இல்லை. தெற்கே பெலார்கிர் துறைமுகத்தில் எதிரிகளின் கப்பல்களைக் கைப்பற்றிக் கொடுத்ததோடு அவர்கள் கடன் தீர்கிறது. அந்தக் கப்பல்களில் அரகார்ன் ஏற்றிக்கொண்டு வருவது தென் கோண்டோரின் உயிருள்ள மனிதர்களை. அப்படியே எடுத்திருந்தால் படம் இன்னும் பலமாக இருந்திருக்கும்.

ஆனாலும் செத்தவர்கள் வீணாகவில்லை. ரோஹன் படை வராமல் இருந்திருந்தால், கப்பல்கள் கரை சேர்வதற்குள் கோண்டோரின் தலைநகரான மினாஸ் டிரித் விழுந்திருக்கும். நாஸ்கூல்களின் தலைவனைக் கொன்றதும் பேய்கள் இல்லை, எயோவினும் மெர்ரியும்தான். தன்னை எந்த மனிதனாலும் கொல்ல முடியாது என்று அவன் இறுமாந்து நிற்கும்போது, முதலில் ஒரு ஹாபிட் அவன் காலில் குத்துகிறான், பிறகு ஒரு பெண் அவனை முடிக்கிறாள். அவன் நம்பியிருந்த வாக்கு அவர்கள் இருவரையும் கணக்கில் சேர்க்கவே இல்லை.

கடைசியில மோதிரத்தைப் போடாம ஃப்ரோடோ தானே வச்சுக்கிறான். அப்ப ஹீரோ தோத்துட்டான்னுதானே அர்த்தம்?

ஆமாம், அந்த நொடியில் அவன் தோற்கிறான். படம் அதை மழுப்பவில்லை. அத்தனை தூரம் நடந்து, தவழ்ந்து, சாமின் முதுகில் ஏறி வந்து, தீக்குழம்பின் விளிம்பில் நின்றுகொண்டு, இது என்னுடையது என்கிறான். டோல்கீன் தன் கடிதங்களில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்த இடத்தில், அந்த நிலையில், யாராக இருந்தாலும் மனம் ஒப்பி மோதிரத்தை அழித்திருக்க முடியாது என்பதே அவர் நிலை. முடிந்த மட்டும் சுமந்து அதை அங்கே கொண்டுவந்து சேர்த்ததுதான் ஃப்ரோடோவின் வேலை. அதை அவன் முழுமையாகச் செய்தான்.

வேறு கதைகளில் கடைசி நிமிடத்தில் நாயகன் பல்லைக் கடித்துக்கொண்டு மனத்தை வென்றுவிடுவான். இங்கே அது நடக்கவில்லை. நடந்திருந்தால் மோதிரத்தின் வலிமை பற்றி மூன்று படங்களாகச் சொல்லி வந்தது பொய்யாகியிருக்கும். சொன்ன விதியைத் தானே மீறாமல் நின்றதால்தான் இந்த முடிவு கனக்கிறது.

அப்ப கோல்லம் கால் தவறி விழுந்ததாலதான் உலகம் பிழைச்சுதா? தற்செயலா?

மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். முதல் கேள்வியில் சொன்ன சின்ன உரையாடலுக்கு வருகிறேன். முதல் படத்தில், மோரியா சுரங்கத்தின் இருட்டில், கோல்லமை, தனக்கு முன் மோதிரத்தை வைத்திருந்த உறவினர் பில்போ அன்றைக்கே கொன்றிருக்கலாமே என்று ஃப்ரோடோ சலித்துக்கொள்கிறான். அன்று பில்போவின் கையைத் தடுத்தது இரக்கம், அந்த இரக்கம் பலருடைய விதியை முடிவு செய்யக்கூடும் என்கிறார் காண்டால்ஃப். அதன்பின் ஃப்ரோடோவுக்கே கோல்லமைக் கொல்லும் வாய்ப்பு வருகிறது. அவனும் கொல்வதில்லை. எரிமலை விளிம்பில் ஃப்ரோடோ தோற்றபோது, விரலைக் கடித்து மோதிரத்தைப் பிடுங்க கோல்லம் அங்கே உயிரோடு இருந்தது அந்த இரக்கங்களால்தான்.

இன்னொன்று, சத்தியம். இரண்டாவது படத்தில் கோல்லம் மோதிரத்தின் பேரிலேயே சத்தியம் செய்கிறான். மோதிரம் வஞ்சகமானது, உன் சொல்லில் உன்னைக் கட்டிப்போடும் என்று ஃப்ரோடோ அப்போதே எச்சரிக்கிறான். நாவலில் இது இன்னும் வெளிப்படை: மலைச்சரிவில், மறுபடி என்னைத் தொட்டால் நீயே அந்தத் தீயில் விழுவாய் என்கிறான் ஃப்ரோடோ. சில பக்கங்களில் அது அப்படியே நடக்கிறது.

நாவலில் கோல்லம் ஆனந்தக் கூத்தாடியபடி தானே சறுக்கி விழுகிறான். படக்குழு முதலில் எடுத்தது, ஃப்ரோடோ அவனைத் தள்ளிவிடுவதாக. அது கொலை போலத் தெரிந்ததால் கைவிட்டு, இருவரும் மோதிரத்துக்காகப் போராடிச் சேர்ந்தே விழுவதாக மாற்றினார்கள். இரக்கத்தால் கிடைத்த முடிவைக் கொலையால் முடித்திருந்தால் எல்லாமே கெட்டிருக்கும். நல்லவேளையாக மாற்றினார்கள்.

அரகார்ன் கடைசிச் சண்டையில சௌரானோட நேருக்கு நேர் மோதலையே? அது ஒரு குறையா தெரியல?

எடுத்தார்கள், பிறகு வெட்டினார்கள். கறுப்பு வாயிலின் முன் சௌரான் உருவம் கொண்டு வந்து அரகார்னுடன் மோதுவதாகவே காட்சி படமாக்கப்பட்டது. எடிட்டிங்கில் சௌரானின் இடத்தில் ஒரு ராட்சத ட்ரோலை வைத்துவிட்டார்கள்.

அரகார்ன் அந்த வாயிலுக்குப் போனது ஜெயிப்பதற்கு அல்ல. ஃப்ரோடோவுக்கு வழி கிடைக்க, சௌரானின் கண்ணைத் தன் பக்கம் திருப்ப. அரியணைக்கு உரிமையுள்ளவன், எங்கோ இருக்கும் ஒரு ஹாபிட்டுக்காகத் தன்னைத் தூண்டிலாக்கிக்கொள்கிறான். அங்கே ஒரு வாள்சண்டையை வைத்தால் பார்வையாளனின் கண்ணும் சௌரானின் கண்ணைப் போலவே தவறான இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

முடிஞ்சுதுன்னு எழுந்தா மறுபடி ஒரு சீன் வருது, மறுபடி எழுந்தா இன்னொண்ணு. எத்தனை தடவைதான் முடிப்பாங்க?

மோதிரம் அழிந்த பிறகு பெயர்கள் ஓடத் தொடங்கும் வரை ஏறக்குறைய 20 நிமிடம். பாறைமேல் ஃப்ரோடோவும் சாமும், கழுகுகள், ஃப்ரோடோ கண்விழிப்பது, முடிசூட்டு விழா, ஹாபிட்டுகளின் ஊரான ஷயருக்குத் திரும்புவது, சாமின் திருமணம், கிரே ஹேவன்ஸ் துறைமுகம், சாமின் வீடு. இதில் எதை எடுத்துவிடலாம் என்று கேட்பவர்களிடமே நான் திருப்பிக் கேட்பதுண்டு. ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைச் சொல்வார்கள்; எல்லோரும் ஒப்புக்கொண்டு வெட்டக்கூடியது ஒன்றுகூட இல்லை.

ஏனென்றால் இங்கே முடிவது ஒரு கதை இல்லை. சௌரானின் போர் எரிமலையில் முடிகிறது. அரகார்னின் கதை அரியணையில் முடிகிறது. நால்வரும் வீட்டுக்கு வந்து சேர்வதில் பயணம் முடிகிறது. ஃப்ரோடோவின் காயம் இவை எதிலும் முடியவில்லை, அதற்குத் துறைமுகம் வரை போக வேண்டியிருக்கிறது. முதல் படம் ஷயரின் அமைதியைக் காட்ட எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது என்று நினைத்துப் பாருங்கள். அந்த அமைதியைக் காப்பாற்றத்தான் இவ்வளவும் நடந்தது என்றால், காப்பாற்றியதை ஒருமுறை காட்டத்தானே வேண்டும்? காப்பாற்றியவனால் அதில் வாழ முடியவில்லை என்பதையும் காட்ட வேண்டும்.

குறை காட்சிகளில் இல்லை, காட்சிகளைக் கோத்த விதத்தில் இருக்கிறது. பாறைக் காட்சிக்குப் பிறகு திரை முழுதாக இருண்டுபோகிறது. அடுத்தடுத்த காட்சிகளும் மெல்ல மங்கி மறைகின்றன. திரை இருண்டால் படம் முடிந்தது என்பது பார்வையாளர்களின் பழக்கம், அதனால் கை தானாகப் பையைத் தேடுகிறது. இருட்டாக்காமல் நேரடியாக வெட்டியிருந்தால் இந்தப் புகாரில் பாதி எழுந்திருக்காது.

முடிசூட்டு விழாவுல ராஜாவே ஹாபிட்டுங்க முன்னாடி தலை வணங்குறார். கொஞ்சம் அதிகமா இல்ல?

எனக்கு அதிகமாகத் தெரியவில்லை. நான்கு ஹாபிட்டுகளும் வழக்கம்போலக் குனியப் போகிறார்கள். அரகார்ன் தடுத்து, நீங்கள் யாருக்கும் வணங்க வேண்டியதில்லை என்று சொல்லி, தானே மண்டியிடுகிறான். சபை முழுவதும் மண்டியிடுகிறது. அந்த நால்வருக்கும் என்ன செய்வதென்றே தெரியவில்லை, சங்கடமாக நிற்கிறார்கள். பெருமிதப்படத் தெரியாத அந்த முகங்கள்தான் காட்சியைக் காப்பாற்றுகின்றன. அரகார்ன் அரசனாகத் தகுதியானவன் என்பதற்கு, கிரீடத்தைவிட இந்தச் செயல் பெரிய சான்று. அதற்குச் சற்று முன் அவன் பாடும் எல்ஃப் மொழி வரிகளுக்கு மெட்டமைத்தவர், அந்த வேடத்தில் நடித்த விகோ மோர்டென்சனே.

ஃப்ரோடோ கடைசியில கப்பல் ஏறி எங்க போறான்? செத்துட்டான்னு நாசூக்காச் சொல்றாங்களா?

சாகவில்லை. எல்ஃப்கள் வாழும் மேற்குத் திசை நிலத்துக்குப் போகிறான். சாதாரண மனிதர்களுக்கும் ஹாபிட்டுகளுக்கும் அங்கே இடமில்லை. மோதிரத்தைச் சுமந்தவர்கள் என்பதால் பில்போவுக்கும் ஃப்ரோடோவுக்கும் தனி அனுமதி. அங்கே போனால் சாகாவரம் கிடைக்கும் என்பதும் தவறு. டோல்கீன் சொல்வது, இறப்பதற்கு முன் காயங்கள் ஆறும் வாய்ப்பை மட்டும்தான்.

மரணம் என்று தோன்றுவதற்குப் படமே ஒரு காரணம். மினாஸ் டிரித் முற்றுகையில் சாவுக்கு அஞ்சும் பிப்பினிடம், மரணத்துக்குப் பின் வெண்மணல் கரையும் பசுமையான நிலமும் தெரியும் என்று காண்டால்ஃப் ஆறுதல் சொல்கிறார். நாவலில் அந்த வர்ணனை, ஃப்ரோடோவின் கப்பல் மேற்கே சென்று சேரும்போது அவன் காணும் காட்சி. இரண்டையும் படம் இணைத்துவிட்டதால் கப்பல் என்றாலே சாவு என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஏன் போகிறான் என்பதுதான் முக்கியம். வெதர்டாப் குன்றில் நாஸ்கூல் குத்திய காயம் நான்கு ஆண்டாகியும் ஆறவில்லை என்று தோளைப் பிடித்துக்கொண்டு சாமிடம் சொல்கிறான். ஷயரைக் காப்பாற்றினோம், ஆனால் எனக்காக அல்ல என்பது அவன் சொல்வதன் பொருள். டோல்கீன் முதல் உலகப் போரில் சோம் போர்முனையில் இருந்தவர். நெருங்கிய நண்பர்களை அந்தப் போரில் இழந்தவர். ஊர் அப்படியே இருக்க, தான் மட்டும் மாறிப்போய்த் திரும்புவது எப்படி இருக்கும் என்பதை அவர் கற்பனை செய்ய வேண்டியிருக்கவில்லை. இந்தத் துறைமுகக் காட்சியை மூன்று முறை எடுக்க வேண்டி வந்தது: முதல் முறை சாப்பாட்டு இடைவேளைக்குப் பின் ஷான் ஆஸ்டின் சட்டைமேல் அணியும் வெய்ஸ்ட்கோட்டைப் போட மறந்தார், அடுத்த முறை ஃபோகஸ் தவறியது. மூன்று முறையும் அந்த நடிகர்கள் புதிதாக அழுதார்கள்.

கடைசி ஷாட் ஏன் ஃப்ரோடோவோட முடியாம சாமோட முடியுது?

ஃப்ரோடோ தான் எழுதிய புத்தகத்தை சாமிடம் கொடுத்து, கடைசிப் பக்கங்கள் உனக்கு என்கிறான். அதைத்தான் படமும் செய்கிறது. சாம் ஷயருக்கு நடந்து வருகிறான், சின்ன மகள் ஓடி வருகிறாள் (அவள் ஷான் ஆஸ்டினின் சொந்த மகள்), மனைவி ரோஸி குழந்தையோடு நிற்கிறாள். நான் வந்துட்டேன் என்கிறான் சாம். நாவலின் கடைசி வசனமும் அதுவே. மேலே ஃப்ரோடோவின் காயம் பற்றிச் சொன்னதற்கு இது மறுபாதி: ஒருவனால் திரும்ப முடியவில்லை, இன்னொருவனால் முடிந்தது. அதே வழியில், அதே சுமையைச் சிறிது நேரமாவது தூக்கியவன் சாமும். நாவலின் பின்னிணைப்பில், ரோஸி இறந்த பிறகு முதுமையில் அவனும் மேற்கே கப்பல் ஏறியதாக ஒரு குறிப்பு இருக்கிறது.

நாவல்ல ஷயரே நாசமாகி, ஹாபிட்டுங்க திரும்பி வந்து சண்டை போட்டு மீட்பாங்களாமே. அதை விட்டது துரோகம்னு சொல்றாங்க. சரியா?

நாவலில் அது ஒரு முழு அத்தியாயம். வெளியே போர் முடிந்து நால்வரும் திரும்பினால், சாருமானின் ஆட்கள் ஷயரைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். மரங்கள் வெட்டப்பட்டிருக்கின்றன, ஆலைகள் புகை கக்குகின்றன. மெர்ரியும் பிப்பினும் ஊராரைத் திரட்டிப் போராடி விரட்டுகிறார்கள். சாருமான் அங்கேதான் சாகிறான். காண்டால்ஃபின் துணை இல்லாமல் தங்கள் ஊரைத் தாங்களே மீட்கிற அளவுக்கு அந்தச் சின்னவர்கள் வளர்ந்துவிட்டார்கள் என்பது அந்த அத்தியாயத்தின் உயிர். படத்தில் அது இல்லாதது இழப்புதான். மெர்ரிக்கும் பிப்பினுக்கும் கிடைத்திருக்க வேண்டிய பெரிய தருணம் போய்விட்டது.

ஆனால் துரோகம் இல்லை. எரிமலைக்குப் பிறகு இன்னொரு போரைத் திரையில் தாங்க முடியாது; மேலே சொன்ன இருபது நிமிடத்துக்கே இவ்வளவு புகார். அதற்குப் பதிலாகப் படம் வைத்த காட்சியை யாரும் பேசுவதில்லை. ஊர் மதுக்கடையில் நால்வரும் ஒரு மேசையில் அமர்ந்திருக்கிறார்கள். கூட்டம் ஒரு பெரிய பூசணிக்காயை வியந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. அரசனே மண்டியிட்ட அந்த நால்வரை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்களும் வாய் திறந்து எதுவும் சொல்வதில்லை, ஒருவரையொருவர் பார்த்துக் கோப்பையை உயர்த்துகிறார்கள். பிறகு சாம் ஒரு மடக்கு குடித்துவிட்டு, எழுந்து நேராக ரோஸியிடம் போகிறான். நாவல் ஷயர் மாறிவிட்டதைச் சொன்னது. படம் ஷயர் மாறவே இல்லை, இவர்கள் மாறிவிட்டார்கள் என்று சொல்கிறது. இரண்டும் வேறு வேறு முடிவுகள், இரண்டுக்கும் அதனதன் நியாயம் உண்டு. படத்தை மட்டும் பார்த்தவர்கள் அந்த அத்தியாயத்தையாவது தேடிப் படியுங்கள். ஆறாம் நூலில், கடைசிக்கு முந்தைய அத்தியாயம் அது.